க்ளக்-க்ளக்: காரைக்குடியில் வாங்கிய லீவர் துப்பாக்கி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாங்கியது ரவை போட்டுச் சுடுகிற காற்றுத் துப்பாக்கி. அமெரிக்காவில் பத்து வயசுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தருகிற சாமான். அதற்கு 6,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். வீட்டில் 3,000 என்று சொல்லி வைத்திருக்கிறேன், இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.

கடை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கிறது. தெருவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: செட்டிநாட்டில் ஒரு வீட்டைப் பிரித்தாலும் சரி, பங்காளிகள் பாகம் பிரித்தாலும் சரி, வெளியே வருகிற சாமான் கடைசியில் வந்து சேருகிற இடம் அது. எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம், மரக்கால், நிலைக்கதவு, யாரோ ஒரு ஆச்சிக்குச் சீராக வந்த பித்தளை அண்டா. நான் போன கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு மரத்தூண் சாய்ந்து நிற்கும், அதுதான் அடையாளம், அது விலைபோய்விட்டால் இன்னொரு தூண் வந்து நிற்கும். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் போனது பழைய பெட்டி ஒன்றுக்குப் பூட்டுத் தேடி. உள்ளே, சட்டம் கழன்ற படங்களுக்குப் பின்னால், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. விசைக்குக் கீழே, கையால் தள்ளி இழுக்கிற அந்த லீவர் வளையம் தெரிந்ததுமே பூட்டு மறந்துபோனது.

"பாய், அது என்ன, லீவர் மாதிரி இருக்கு?"

"அதுவா தம்பி, பினாங்குலேருந்து வந்தது. வெள்ளைக்காரன் புலி அடிச்ச துப்பாக்கி."

இதால் புலியைச் சுட்டால் புலி திரும்பிப் பார்த்து என்னப்பா வேணும் என்று கேட்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எடுத்துப் பாக்காம என்னத்த வாங்குறது, பாருங்க" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். இந்தக் கடைக்கு நான் தருகிற பெரிய மதிப்பெண் இதற்குத்தான். அதே தெருவில் வேறொரு கடையில் ஒரு கிராமபோன் கைப்பிடியைத் தொட்டதற்கே முறைத்தார்கள். லீவர் துப்பாக்கியைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டினால் என்ன புரியும், அது கையால் பார்க்க வேண்டிய சாமான்.

துடைத்துப் பார்த்ததில் குழலின் மேல் டெய்சி என்ற பெயரும், பிளிமத், மிச்சிகன் என்ற ஊரும், 'எண் 111, மாடல் 40' என்ற எழுத்தும் தேறின. ரெட் ரைடர் என்கிற அந்தப் பிரபலமான கார்பைன், அதாவது குட்டை ரகத் துப்பாக்கி, இதுதான். இந்த டெய்சி ஆதியில் காற்றாலை செய்த கம்பெனி. 1880களில் ஆலை வாங்குகிற விவசாயிகளுக்கு இலவசமாகக் காற்றுத் துப்பாக்கி கொடுக்க ஆரம்பித்து, ஆலையை விட்டுவிட்டுத் துப்பாக்கிக் கம்பெனியாகவே ஆகிப்போனது. ரெட் ரைடர் வந்தது 1940இல். கம்பெனி 1958இல் மிச்சிகனிலிருந்து ஆர்கன்சாவில் இருக்கிற ராஜர்ஸ் என்ற ஊருக்கு இடம் மாறிவிட்டது. அதனால் பிளிமத் என்று பொறித்திருந்தால் அதற்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அப்புறம் பாயிடம் ஒரு காந்தம் வாங்கி லீவரில் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் வந்தவற்றில் லீவர் வார்ப்பிரும்பு, போருக்குப் பின்னால் அலுமினியம். தோளில் வைக்கிற கட்டை மரம். ஐம்பதுகளில் அதுவும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. ஆக, நாற்பதுகளின் கடைசி அல்லது ஐம்பதுகளின் தொடக்கம். பாய் நான் காந்தம் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சரி இவன் விஷயம் தெரிந்தவன் என்று விலையைக் குறைப்பார் என்று நினைத்தேன், ஆனால் இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறவன் வாங்காமல் போக மாட்டான் என்று கணக்குப் போட்டு 9,500இல் ஆரம்பித்தார். அரை மணி நேரம், இரண்டு டீ, 6,000.

ஒரு விளையாட்டுச் சாமானுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு, என் பெரியம்மா மகன் கதையைச் சொல்ல வேண்டும்.

அண்ணன் டெக்சாஸில், சான் அன்டோனியோ பக்கம் இருக்கிறார். முன்பு ஒரு டிசம்பரில் போயிருந்தபோது காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூட்டிப் போனார். அங்கே பன்றித் தொல்லை அதிகம், தனியார் நிலத்தில் சொந்தக்காரர் அனுமதியோடு வருஷம் முழுக்கச் சுடலாம், 2019லிருந்து அதற்கு வேட்டை உரிமம்கூட வேண்டாம். ஆனால் என்னை மாதிரி விசாவில் வந்து போகிறவன் துப்பாக்கியைக் கையில் எடுக்கவே அமெரிக்கச் சட்டத்தில் வேட்டை உரிமம் வேண்டும் என்று சொல்லி, கடைக்குக் கூட்டிப்போய் எனக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார். அண்ணன் எப்போதும் அப்படித்தான், காரைக்குடியில் இருந்தபோதும் சைக்கிளுக்கு டைனமோ இல்லாமல் ராத்திரி வெளியே வர மாட்டார்.

காட்டுக்குள் போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு தூரம் பறந்து வந்து பார்த்தால் நம்ம மானாமதுரை ரோட்டோரம் மாதிரியே முள்ளுக்காடு. மெஸ்கீட் என்கிறார்கள், நம்ம சீமைக்கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி, அதே முள், அதே காய். இந்த மாதிரிக் காட்டில் நூறு அடிக்கு மேல் பார்வை போவது அபூர்வம். பன்றி ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குக் குறுக்கே ஓடும், இரண்டு மூன்று நொடிதான். லீவர் துப்பாக்கி எதற்காக இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. மெல்லிசான உடம்பு, போல்ட் ரைஃபிள் மாதிரிப் பக்கத்தில் கைப்பிடி துருத்திக்கொண்டு முள்ளில் மாட்டாது, நடுவில் ஒரு கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம். அண்ணன் கொடுத்தது மார்லின் 336, சுமார் மூன்று கிலோ சொச்சம். 1948இலிருந்து வருகிற மாடல்.

முதல் பாடம் சுடுவது கிடையாது, சுத்தியலை, அதாவது விசையை இழுத்தால் தோட்டாவை அடிக்கிற பாகத்தை, இறக்குவது. கட்டைவிரலால் சுத்தியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி, மெதுவாக இறக்கிப் பாதியில் நிறுத்த வேண்டும். அந்தப் பாதி நிலையில் விசையை இழுத்தாலும் சுடாது. தோட்டா இல்லாமல் இருபது தடவை செய்யச் சொன்னார். அதற்கப்புறம்தான் லீவர். கீழே தள்ளினால் காலித் தோட்டா பக்கவாட்டில் தெறிக்கிறது, சுத்தியல் பின்னால் போய் நிற்கிறது, அடுத்த தோட்டா ஒரு சின்னத் தட்டில் உட்கார்ந்து மேலே ஏறுகிறது. லீவரை மேலே இழுத்தால் அது அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. க்ளக்-க்ளக். கைமுறுக்கு சுற்றுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்களே, விரல் என்ன செய்கிறது என்று அவர்களுக்கே தெரியாது, அந்த மாதிரி ஒரு ஓட்டம் கைக்கு வந்துவிடுகிறது.

வேட்டையில் நான் இரண்டு தடவை சுட்டேன், இரண்டும் மண்ணில். மூன்றாவது அண்ணன் சுட்டார். ராத்திரி அண்ணி கல்பாசியும் மராட்டி மொக்கும் போட்டுப் பன்றிக்கறி வைத்தார், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எனக்கு நினைவில் நிற்பது, முதல் குண்டு தவறினதும் முகத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே கை தானாக அடுத்ததை ஏற்றிவிட்டதுதான். அதற்கப்புறமும் தவறியது என் தகுதி.

குறைகள் இல்லாமல் இல்லை. தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. குண்டின் மூக்கு கூராக இருந்தால் சுடும்போது வருகிற உதையில் முன்னால் இருக்கிற தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தி வெடிக்க வைத்துவிடலாம். அதனால் காலங்காலமாகத் தட்டை மூக்குக் குண்டுதான். தட்டை மூக்கு காற்றைக் கிழிக்காது, வேகம் சீக்கிரம் விழும். அந்த மார்லினுக்கான .30-30 தோட்டாவை வைத்துக்கொண்டு 150 கஜத்துக்கு மேல் வீரம் காட்டக்கூடாது என்பது அண்ணன் வீட்டுச் சட்டம். இப்போது ரப்பர் மாதிரி மெத்தென்ற நுனி வைத்த குண்டு வந்திருக்கிறது, கொஞ்சம் தூரம் கூடும். மலைக்கு மலை சுடுகிறவர்களுக்கு இது ஆகாது, முள்ளுக்காட்டுக்காரனுக்கு 150 கஜமே தாராளம்.

சேகரிக்கிறவர்கள் கதை இன்னும் சுவாரசியம். அவர்கள் தேடுகிற லீவர் ரைஃபிள்கள்: ஹென்றி 1860, மஞ்சள் பித்தளை உடம்போடு வந்த வின்செஸ்டர் 1866, பிறகு 1873, ஜான் பிரௌனிங் வரைந்து கொடுத்த 1886, 1892, 1894. இந்த 94தான் பெரிய தலை, எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அவ்வளவு செய்த சாமானுக்கு எங்கே மதிப்பு என்று நான் கேட்டேன். அண்ணன் சொன்னார், 1964இல் செலவைக் குறைக்க உள்பாகங்களைச் செய்கிற முறையை மாற்றினார்கள், அடித்துச் செய்த இரும்புக்குப் பதில் தகட்டை அழுத்திச் செய்த பாகங்கள், அதனால் 64க்கு முந்தையது என்றால் விலையே வேறு. சட்டென்று புரிந்தது. நம்ம ஊரில் கதவு வாங்க வருகிறவன் முதலில் கேட்பது என்ன, பர்மா தேக்கா? அதேதான். மரத்தைத் தட்டிப் பார்க்கிற அதே கண்ணோடு அவர்கள் இரும்பைத் தட்டிப் பார்க்கிறார்கள். வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலையும் 2006இல் மூடியாகிவிட்டது, இப்போது அந்தப் பெயரில் வருகிற லீவர் ரைஃபிள்களை ஜப்பானில் மிரோகு என்ற கம்பெனி செய்கிறது. வேலை சுத்தம் என்கிறார்கள். ஆனாலும் கிழவர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஆத்தங்குடிக் கல் போட்ட வீட்டில் பிறந்தவர்கள் புது டைல்ஸைப் பார்த்துச் சுளிப்பது போல.

நம் மண்ணிலும் இதற்குச் சரித்திரம் உண்டு. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895, .405 தோட்டா. அதில் குழாய் கிடையாது, விசைக்கு முன்னால் பெட்டி, அதனால் கூர்மூக்குக் குண்டும் போடலாம். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம் சுடக் கொண்டுபோனதும் அதே ரகம். பாய் அந்த 1895ஐக் காட்டிப் புலிக்கதை சொல்லியிருந்தால் நானே நம்பியிருப்பேன்.

எங்கள் வீட்டு முகப்பிலும் இரண்டு மான்கொம்பு தொங்குகிறது. ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய்விட்டு வந்த பிறகு இரட்டைக் குழல் 12 போர் வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தார், கௌதாரிக்கும் முயலுக்கும் போவார் என்று அப்பத்தா சொல்லும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பது, முடிந்ததும் வாங்கி வருவது, இதுதான் எனக்குத் தெரிந்த அந்தத் துப்பாக்கியின் பயணம். ஐயா போன பிறகு உரிமத்தைப் பார்க்க ஆளில்லை, மதுரையில் ஒரு டீலரிடம் கொடுத்துவிட்டார்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி இன்றைக்குக் கௌதாரியைச் சுட்டாலும் குற்றம், காற்றுத் துப்பாக்கியால் சுட்டாலும் குற்றம்தான், இதைத் தெரியாமல் இன்னும் சிலர் கண்மாய்க் கரையில் நிற்கிறார்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தைச் சுற்றி இருக்கிற கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவை பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நான் இந்த டெய்சியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் உதைதான் கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும்.

நிஜ லீவர் ரைஃபிள் இங்கே ஆசைப்பட்டால் கிடைக்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிற கதையெல்லாம் எப்போதோ முடிந்தது. உரிமம் உள்ளவர்களுக்குள் கைமாறுகிற பழசுதான் வழி, அதுவும் 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது. இங்கே உரிமத்தில் இருப்பவை பெரும்பாலும் .315, .22 ரைஃபிள்கள், 12 போர் துப்பாக்கிகள். .30-30க்குத் தோட்டா தேடியே வயசாகிவிடும். இன்னொன்று, பழைய வீட்டுப் பரணில் கிடைத்தது, துருப்பிடித்தது, பழம்பொருள், அதனால் சட்டம் இல்லை என்று யாராவது விற்க வந்தால் ஓடிவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஆனால் பழுது பார்த்தால்கூடச் சுட முடியாது என்கிற நிலையில் இருக்கிற பழசுக்கு மட்டும்தான். பாயிடமும் ஒருவர் சாக்கில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தாராம். "நேரா ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்கண்ணே, என் கடைவாசல்ல வைக்காதீங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். இந்தக் கடையை நம்புவதற்கு எனக்கு அது போதும். காற்றுத் துப்பாக்கிக்கு 4.5 மி.மீ. துளை, 20 ஜூல் ஆற்றலுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. நம்ம டெய்சி 2 ஜூலைத் தொட்டாலே பெரிய விஷயம்.

சரி, சாமான் எப்படி? வீட்டுக்குக் கொண்டுவந்து லீவரை இழுத்தால் களிமண்ணைப் பிசைகிற மாதிரி இருந்தது. ரவை குழல் வாயிலிருந்து சொட்டியது, சுட்டதாகச் சொல்ல முடியாது. காரணம் பிறகுதான் தெரிந்தது: கடையில் பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார்கள், அது உள்ளே போய்ப் பிசினாகிவிட்டது. உள்ளே அழுத்துகோல் நுனியில் தோல் வாஷர், அதுவும் காய்ந்து கிடந்தது. பிரித்துத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் பத்துச் சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டேன். மறுநாள் காலையில் முதல் இழுப்பிலேயே வித்தியாசம். ஒன்று மட்டும் மனசில் இருக்கட்டும், இதில் லீவர் செய்வது ஸ்பிரிங்கை அழுத்துவது மட்டும்தான். வின்செஸ்டரில் நடக்கிற அந்தத் தோட்டா நாடகம் இதில் கிடையாது. ரவை தன் எடையில் உருண்டு வந்து உட்கார வேண்டும், அதனால் இழுக்கும்போது குழலை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் காற்று.

ரவைக்குத்தான் பாடுபட்டேன். இங்கே கடைகளில் கேட்டால் ஈயக்குண்டு தருகிறார்கள், அது இதில் சிக்கிக்கொள்ளும். எஃகு ரவைதான் வேண்டும். சைக்கிள் கடை பால்ஸ் போடலாமே என்று ஒரு நண்பன் ஐடியா கொடுத்தான். ஒரு சைஸ் 3/16 இஞ்ச், அதாவது 4.76 மி.மீ., நுழையாது. அடுத்த சைஸ் 5/32, 4 மி.மீ.க்கும் கீழே, உருண்டு வெளியே போய்விடும். இடைப்பட்ட 4.4தான் இதற்கு. கடைசியில் இணையத்தில் ஒரு டப்பா வரவழைத்தேன். ஆயிரம் ரவை கொள்ளுமாம் இந்த மாடல், ஒரு தடவை ரொப்பினால் வருஷம் ஓடும்.

சோதனைக்கு வளவில் ஒரு பழைய சாக்கைக் கட்டித் தொங்கவிட்டேன். பதினைந்து அடியில் பத்துக்கு ஏழு ஒரு சொம்பு அகலத்துக்குள் விழுந்தது. எட்டாவது சாக்கைத் தாண்டிச் சுவரில் பட்டு, முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசின சுவரில்லையா, ஒரு கீறல் விழாமல் அப்படியே திரும்பிப் பறந்து வந்து அண்டாவில் டங்கென்று அடித்தது. "ஏப்பா, ஐயாவே வீட்டுக்குள்ள சுட்டதில்ல" என்றது அப்பத்தா. கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் எஃகு ரவை சுடாதீர்கள், கண் திரும்ப வராது.

கடைக்கு ஐந்துக்கு மூன்று. அரையை வெட்டினது தேங்காயெண்ணெய்க்காக. ஒன்றை வெட்டினது பில்லுக்காகவும் பித்தளைக்காகவும். பில் கேட்டால் பாய் முகம் மாறிவிடுகிறது, ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் எழுதித் தந்தார். முன்வரிசையில் இருக்கிற பித்தளை விளக்குகள் எல்லாம் பழசு கிடையாது, மண்ணில் புதைத்துப் பழசாக்கினவை, கேட்டால் "அது டூரிஸ்ட்டுக்கு தம்பி, நீங்க உள்ள வாங்க" என்கிறார். இன்னும் அரை, பின்பக்கக் குறிமுள் வளைந்திருந்ததைச் சொல்லாமல் விற்றதற்கு. துப்பாக்கிக்கு ஐந்துக்கு நாலு.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை சாத்தியிருக்கும், நாலு மணிக்கு மேல் போங்கள். நான் போக வேண்டியது பாக்கி இருக்கிறது, அந்தப் பெட்டிக்கு இன்னும் பூட்டு வாங்கவில்லை.